இரண்டு ஸ்ட்ரிங் உள்ள ஸ்டேஜ்: ஹிட் ஃபேக்டர் கணக்கு

வணக்கம் நண்பரே. துப்பாக்கிச் சுடும் போட்டியில் இரண்டு ஸ்ட்ரிங் (தனித்தனியாக நேரம் எடுக்கும் சுற்று) உள்ள ஒரு ஸ்டேஜுக்கு (போட்டியின் ஒரு பகுதி) ஹிட் ஃபேக்டர், அதாவது ஒரு நொடிக்கு எடுத்த புள்ளி, உங்கள் கணக்கில் 5.75 வருகிறது, முடிவுப் பட்டியலில் 5.4 என்று இருக்கிறது, யாரோ தப்பாகப் பதிந்துவிட்டார்களா என்று கேட்டிருந்தீர்கள். பட்டியல் சரிதான். ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் தனியாக ஹிட் ஃபேக்டர் போட்டுச் சராசரி எடுத்ததுதான் சிக்கல்.

யூ.எஸ்.பி.எஸ்.ஏ. (இந்த வகைப் போட்டிகளை நடத்தும் அமெரிக்கச் சங்கம்) முறையில் எல்லா ஸ்ட்ரிங்கின் நேரத்தையும் கூட்டி, மொத்தப் புள்ளியை அந்த ஒரே நேரத்தால் வகுக்க வேண்டும். மைனரில் (வலு குறைந்த தோட்டாவுக்கான புள்ளிக் கணக்கு) இலக்கின் நடுப்பகுதியான ஆல்ஃபாவுக்கு 5 புள்ளி, அதைச் சுற்றியுள்ள சார்லிக்கு 3 புள்ளி. நீங்கள் சொன்னபடி முதல் ஸ்ட்ரிங் 6 ஆல்ஃபா, 4 நொடி. இரண்டாவது 3 ஆல்ஃபா 3 சார்லி, 6 நொடி. புள்ளி 30, 24, ஆக 54, நேரம் 10 நொடி, அவ்வளவுதான், 5.4. சராசரி எடுத்தால் வேகமான ஸ்ட்ரிங்குக்கு அநியாயத்துக்கு எடை கூடிவிடும்.

அப்புறம் ஒன்று, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை: வர்ஜீனியா கவுண்ட் (எத்தனை தோட்டா சுட வேண்டும் என்று வரையறுத்த) ஸ்டேஜில் முதல் ஸ்ட்ரிங்கில் 7 தோட்டா சுட்டுவிட்டு இரண்டாவதில் 5 சுட்டுச் சரிக்கட்ட முடியாது, கூடுதலாகச் சுட்ட அந்த ஒன்றுக்கே 10 புள்ளி போய்விடும், அப்போது உங்கள் 54 வெறும் 44, ஹிட் ஃபேக்டர் 4.4.

ஸ்டீல் சேலஞ்ச் (இரும்புத் தகடுகளை வேகமாகச் சுடும் போட்டி) கணக்கே வேறு. அங்கே பெரும்பாலான ஸ்டேஜில் 5 ஸ்ட்ரிங், மோசமான ஒன்றைக் கழித்துவிட்டு மீதி நான்கின் நேரத்தைக் கூட்டுவார்கள். இங்கே எதையும் கழிக்க மாட்டார்கள். அடுத்த முறை ஒவ்வொரு ஸ்ட்ரிங் முடிந்ததும் அதிகாரி சொல்லும் நேரம் அப்படியே பதிவாகிறதா என்று பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள்.