கடலடி மண்ணைக் கொண்டு பெருங்கடலின் வரலாற்றை எப்படி அறிகிறார்கள்?

கடலடிப் பாறைகளையும் படிவுகளையும் ஆராய்ந்து, பெருங்கடல்கள் தோன்றி மாறிவந்த விதத்தை அறியும் துறையே கடல்சார் நிலவியல். மேல்நீரில் வாழ்ந்து மடியும் நுண்ணுயிரிகளின் ஓடுகளும் களிமண்ணும் ஆழ்கடலில் ஓயாமல் படிகின்றன. ஆயிரம் ஆண்டுகளில் சேர்வது பெரும்பாலும் சில மில்லிமீட்டர் முதல் சில சென்டிமீட்டர் வரைதான். நாள்தோறும் அடுக்கிவைத்த செய்தித்தாள் கட்டைப் போல, இங்கும் அடியில் கிடப்பதே மூத்தது. 1968-இல் குளோமர் சேலஞ்சர் என்ற கப்பல் ஆழ்கடலில் துளையிடத் தொடங்கியது முதல், இவ்வடுக்குகளை நீண்ட உருளைகளாக வெளியே எடுத்துப் படிக்கிறார்கள். அவற்றில் மணல்துகள் அளவேயுள்ள போராமினிபெரா என்னும் நுண்ணிய கடலுயிரியின் ஓடு ஒன்று சொல்லும் செய்தி உண்மையிலேயே வியப்பானது: அதன் சுண்ணாம்பில் கனமான ஆக்சிஜன் அணுக்கள் கூடுதலாக இருந்தால், அவ்வுயிர் வாழ்ந்தபோது கடல் குளிர்ந்திருந்தது, அல்லது நிலத்தில் பனிப்படலங்கள் பெருகியிருந்தன என்று பொருள்.

கடலடிதான் பூமியின் மிகப் பழைய பகுதி என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் அது நடுக்கடல் மலைத்தொடர்களில் புதிதாகப் பிறந்து, அகழிகளில் மீண்டும் உள்ளே அமிழ்வதால், அதன் பாறைகள் பெரும்பாலும் 20 கோடி ஆண்டுகளுக்கு உட்பட்டவையே, ஏறத்தாழ 400 கோடி ஆண்டுப் பழமையான பாறைகள் கண்டங்களில்தான் உள்ளன.