பாறை ஏற ஆசை, எங்கே விசாரிப்பது?

கேள்வி: தரமணியில் ஐடி வேலை பார்க்கிறேன். பாறை ஏறக் கற்றுக்கொண்டு, என்றைக்காவது இமயமலையில் ஒரு சிகரம் ஏற வேண்டும் என்று ஆசை. நெட்டில் தேடினால் டூர் விளம்பரமும் வீடியோவும்தான் வந்து கொட்டுகின்றன. உருப்படியான தகவல் எங்கே சார் கிடைக்கும்?
- வாசகர், வேளச்சேரி

பதில்: உங்களுக்கு இருப்பது இரண்டு ஆசை. இரண்டுக்கும் போய் விசாரிக்க வேண்டிய இடமே வேறு.

சிகரம்தான் இலக்கு என்றால் அரசுப் பயிற்சி நிறுவனங்களின் இணையதளத்தில் தொடங்குங்கள். டார்ஜிலிங்கில் 1954-லும் உத்தரகாசியில் 1965-லும் தொடங்கியவை இரண்டு, மணாலியில் இன்னொன்று. பேசிக் கோர்ஸ் ஏறக்குறைய நான்கு வாரம். கட்டணம், வயது வரம்பு, மருத்துவச் சான்றிதழ்ப் படிவம் எல்லாம் அங்கேயே இருக்கும். சீட் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் பல மாதம் முன்னாடியே பாருங்கள். பேசிக் கோர்ஸில் 'ஏ' கிரேடு வாங்கினால்தான் அட்வான்ஸ் கோர்ஸில் சேர முடியும், அதனால் உடம்பைத் தயார் செய்யாமல் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பாதீர்கள். சிகரங்களுக்கான அனுமதி விவரத்துக்கு டெல்லியில் இருக்கும் இந்திய மலையேற்ற அறக்கட்டளையைத்தான் பார்க்க வேண்டும்.

படிக்க என்றால், 1929 முதல் வெளிவரும் ஹிமாலயன் ஜர்னலின் பழைய இதழ்கள் நெட்டில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு சிகரத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் யார், எந்த வருஷம், எந்தப் பக்கமாக ஏறினார்கள், எங்கே போய் நின்றார்கள் என்று வரும். உச்சியைத் தொடாமல் திரும்பியவர்களின் கட்டுரைகளை விட்டுவிடாதீர்கள், வானிலை எப்போது மாறியது, எந்த இடத்தில் கல் விழுந்தது, ஏன் திரும்பினோம் என்பதையெல்லாம் அவர்கள்தான் விவரமாக எழுதுகிறார்கள். ஆனால் எதைப் படித்தாலும் முதலில் வருஷத்தைப் பாருங்கள். அறுபதுகளில் பனியாறு என்று எழுதிய இடத்தில் இன்றைக்கு வெறும் கல்லும் மண்ணும் கிடக்கலாம்.

அப்புறம் பாறை. அமெரிக்க ஆல்பைன் கிளப் 1948 முதல் விபத்து அறிக்கைகளை வெளியிட்டு வருகிறது. மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் படியுங்கள். ஒரே மாதிரி விபத்து திரும்பத் திரும்ப வரும். உதாரணமாக, 60 மீட்டர் கயிற்றை மேலே கொக்கியில் கோத்து ஆளை இறக்கும்போது கயிறு இரண்டு மடிப்பாகப் போகிறது, ஆகவே சுமார் 30 மீட்டர் உயரம் வரைக்கும்தான் அது போதும். ஏறியவர் அதற்கும் மேலே இருக்கிறார், கீழே பிடித்திருப்பவர் அவரைப் பார்த்துக்கொண்டே கயிற்றை விடுகிறார், கயிற்றின் முனை பிலே கருவி (கீழே இருப்பவர் கயிற்றைப் பிடித்து நிறுத்த உதவும் சாதனம்) வழியாக நழுவிப் போய்விடுகிறது. முனையில் ஒரு முடிச்சு இருந்திருந்தால் அங்கேயே நின்றிருக்கும். இந்த ஒரு பழக்கத்துக்காகவாவது அந்த அறிக்கைகளை வாசிக்கலாம்.

முடிச்சை மட்டும் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு நேராகப் பாறைக்குப் போகாதீர்கள். நீங்கள் போட்ட முடிச்சைத் தொட்டு இழுத்துப் பார்த்து, தப்பு என்று சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும். சென்னையிலேயே செயற்கைச் சுவரில் ஏறிப் பழகிவிட்டு, கர்நாடகத்தில் பாதாமி, ஹம்பி பக்கம் போகிற அனுபவசாலிகளோடு சேர்ந்துகொள்ளுங்கள். பாதாமியில் மணற்கல், கயிறு கட்டி ஏறுவார்கள். ஹம்பியில் கிரானைட் உருண்டைகள், பெரும்பாலும் கயிறில்லாத பௌல்டரிங். இரண்டுக்குமே குளிர்காலம்தான் சரி.

கேள்வி: செகண்ட் ஹாண்டில் கயிறு, ஹார்னஸ், கேரபினர் எல்லாம் சேர்த்துப் பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?
- கல்லூரி மாணவர், தாம்பரம்

பதில்: கயிறும், இடுப்பில் மாட்டுகிற ஹார்னஸ் பட்டையும் வேண்டவே வேண்டாம் தம்பி. அந்தக் கயிறு எத்தனை விழுதல் தாங்கியது, பேட்டரி ஆசிட் பட்டதா, வெயிலில் கிடந்ததா என்பது வெளியே தெரியாது. பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் பொதுவாகப் பத்து வருஷத்துக்கு மேல் ஆன கயிற்றைத் தயாரிப்பாளர்களே கழிக்கச் சொல்கிறார்கள். கயிற்றில் டைனமிக், ஸ்டாட்டிக் என்று இரண்டு வகை உண்டு. முன்னால் ஏறுகிறவர் விழுந்தால் இழுபட்டு அதிர்ச்சியைத் தாங்குவது டைனமிக்தான், ஸ்டாட்டிக்கில் விழுந்தால் அந்த அடி முழுக்க உடம்புக்கும் கொக்கிக்கும் போகும்.

கேரபினரை, அதாவது கயிற்றைக் கோக்கும் உலோகக் கொக்கியை, கையில் எடுத்து அதன் முதுகைப் பாருங்கள். நீளவாக்கில், குறுக்கே, வாய் திறந்த நிலையில் என்று மூன்று சின்னப் படமும், பக்கத்தில் எவ்வளவு இழுவையைத் தாங்கும் என்று கிலோநியூட்டன் எண்ணும் பொறித்திருக்கும். நீளவாக்கில் 20-க்கு மேல் இருப்பதே, குறுக்கே இழுத்தாலோ வாய் திறந்திருந்தாலோ பெரும்பாலும் 7, 8 என்று இறங்கிவிடும். இந்த எண்கள் இல்லாமல் சாவிக்கொத்துக்கு விற்கிற கொக்கிகளும் அதே உருவத்தில் இருக்கின்றன, ஏமாந்துவிடாதீர்கள். கருவியோடு வரும் மடித்த தாளைத் தூக்கிப் போடாதீர்கள். பெட்ஸல் மாதிரி நிறுவனங்கள் அதே விளக்கப் படங்களைத் தங்கள் தளத்தில் காசில்லாமல் கொடுக்கின்றன. அதைவிடத் தெளிவான பாடம் காசு கொடுத்தாலும் கிடைப்பது கஷ்டம்.

கேள்வி: மாமல்லபுரம் பாறைகளில் பழகலாமா?
- வாசகி, திருவான்மியூர்

பதில்: கூடாது. அவை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சின்னங்கள். செஞ்சிக் கோட்டைக்கும் அதே பதில்தான்.

கேள்வி: என் மகள் பேசிக் கோர்ஸுக்குப் போகிறேன் என்கிறாள். இதுவரை மலைப்பக்கமே போனதில்லை. பயமாக இருக்கிறது.
- ஒரு தாய், பெரம்பூர்

பதில்: உங்கள் பயம் நியாயம்தான் அம்மா, அதனால் அவளைத் தடுக்காமல் முதலில் பக்கத்து மலைகளுக்கு அனுப்பிப் பாருங்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதில் சென்னையிலிருந்து போனவர்களும் உண்டு. அதன் பிறகுதான் மாநிலத்தில் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன. 2024-இல் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று ஒரு தளம் தொடங்கியிருக்கிறது. பாதை எவ்வளவு கடினம் என்று தரம் பிரித்திருக்கிறார்கள், வழிகாட்டியும் கூடவே வருவார், முன்பதிவும் அதிலேயே. முதலில் சுலபமான பாதை, அடுத்து கடினமானது என்று போய் வரட்டும். வீட்டிலிருந்து கிளம்பும்போது எந்தப் பாதை, யாரோடு, எத்தனை மணிக்குள் திரும்புவாள் என்று ஒரு தாளில் எழுதி உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். பெரிய மலைக்குப் போகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.