திருநெல்வேலியில் எம்.எஸ். படிக்கும் மாணவருக்கு அறுவை மருத்துவ மாநாடுகளால் பயன் உண்டா?

திருநெல்வேலிப் பக்கம் பொது அறுவை மருத்துவத்தில் முதலாம் ஆண்டு எம்.எஸ். படிப்பதாகவும், பயிற்சி மருத்துவர்களுக்கான மாநாடுகளால் உண்மையில் பயன் உண்டா, சென்றால் எதைப் பற்றிப் பேசுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பயன் உண்டு. ஆனால் தன் வார்டிலிருந்து எழுந்த ஒரு கேள்வியோடு செல்பவருக்கே அது முழுமையாகக் கிடைக்கும் என்பது, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில், அதாவது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரியில், எம்.எஸ். முடித்து இதே வட்டாரத்தில் பணிபுரியும் என் உறுதியான கருத்து. சான்றிதழைப் பொறுத்தவரை, தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிமுறைகளின்படி முதுநிலைத் தேர்வு எழுதும் தகுதிக்கு மாநாட்டில் ஒரு போஸ்டரோ உரையோ வழங்கியிருக்க வேண்டும், அல்லது முதல் ஆசிரியராக ஒரு கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும். ஆகவே எப்படியும் ஏதோ ஒன்றைச் செய்யத்தான் போகிறீர்கள். அதை உருப்படியாகச் செய்யுங்கள்.

முதலாம் ஆண்டு மாணவர்கள் பெரும்பாலும் ஓர் அரிய நோயாளி கிடைக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். இலட்சத்தில் ஒருவருக்கு வரும் கட்டியைப் படத்துடன் காட்டினால் அரங்கம் ஒரு நிமிடம் வியக்கும். அதன் பிறகு யாருடைய சிகிச்சையும் மாறப்போவதில்லை. மாறாக, நம் கேஷுவால்டிக்கு அடிக்கடி வரும் நோயாளிகளைப் பாருங்கள். இராதாபுரம், சாத்தான்குளம், உடன்குடிப் பக்கங்களில் பதநீர் இறக்கும் பருவத்தில் பனையிலிருந்து விழுந்து, முதுகெலும்பு முறிவோடு மண்ணீரலும் கிழிந்து வருபவர்கள் இருக்கிறார்கள். காலில் முள் குத்தியதையே உணராமல், புண் அழுகி எலும்புவரை சென்ற பிறகு வரும் சர்க்கரை நோயாளிகள் இருக்கிறார்கள். பனையேறியின் காயங்களைப் பற்றித் தரவுகளோடு பேசும் தகுதி டெல்லியிலோ இலண்டனிலோ பயிலும் மாணவரைவிட உங்களுக்கே அதிகம்.

ஓர் எடுத்துக்காட்டை விரிவாகச் சொல்கிறேன். முன்சிறுகுடல் புண்ணில் ஓட்டை விழுந்து நள்ளிரவில் வரும் நோயாளிக்கு நாம் செய்யும் அறுவை, வயிற்றுக் கொழுப்புத் திரையின் ஒரு துண்டை ஓட்டையின் மேல் வைத்துத் தைப்பதுதான். 1937-இல் கிரஹாம் என்ற அறுவை மருத்துவர் விவரித்த அம்முறை அடிப்படையில் இன்றும் மாறவில்லை. நோயாளி பிழைப்பாரா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பவை அறுவைக்கு முன்பே நடந்து முடிந்தவை. இத்தகைய நோயாளியின் ஆபத்தை மதிப்பிடும் போயி (Boey) என்பவரின் மதிப்பெண் முறை மூன்றே மூன்றைத்தான் கேட்கிறது: வேறு பெரிய நோய் இருந்ததா, அறுவைக்கு முன் இரத்த அழுத்தம் வீழ்ந்திருந்ததா, ஓட்டை விழுந்து 24 மணி நேரம் கடந்துவிட்டதா. இந்த மூன்றாவது கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள். வலி தொடங்கிய நேரம், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிய நேரம், முதல் மருத்துவமனையை அடைந்த நேரம், உங்கள் கேஷுவால்டிக்கு வந்த நேரம், தியேட்டருக்குள் சென்ற நேரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் ஒவ்வொரு நோயாளிக்கும் குறித்து வந்தால், நேரம் எங்கே வீணாகிறது என்பது சில மாதங்களில் தெரிந்துவிடும். மலையடிவாரக் கிராமத்திலிருந்து வந்து சேரும் பயணத்திலா, மருந்துக்கடையிலா, அல்லது நம் மருத்துவமனைக்குள்ளேயே ஸ்கேனுக்கும் இரத்தத்துக்கும் காத்திருப்பதிலா என்று கணக்கோடு சொல்லும் மாணவரின் உரைக்கு அந்த அரங்கில் எந்த அரிய கட்டியும் ஈடாகாது.

எளிய கணக்கெடுப்பு என்று இதைத் தாழ்வாக எண்ண வேண்டாம். அறுவைக்கு முன்னும் பின்னும் தியேட்டரில் உரக்கப் படிக்கப்படும் உலக சுகாதார நிறுவனத்தின் சரிபார்ப்புப் பட்டியலை, புதுடெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் பயன்படுத்திப் பார்த்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகவும், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகவும் குறைந்திருந்தன. அங்கே புதிய கருவி எதுவும் இல்லை. பட்டியலுக்கு முன்னும் பின்னும் ஒழுங்காக எண்ணிப் பார்த்தார்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தரவு சேகரிக்கத் தொடங்குவதற்கு முன்பே கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி பெறுங்கள். நோயாளியின் படத்தை எடுப்பதானால் அவருக்குப் புரியும் தமிழில் விளக்கி, எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். அரசு மருத்துவமனைக்கு வரும் ஏழை நோயாளி டாக்டர் எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடுவார். அந்தத் தலையாட்டலை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மாநாட்டில் எந்த அமர்வுகளுக்குச் செல்வது என்றால், காணொளி அமர்வுகளை நான் முதலில் வைப்பேன். லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை அகற்றும்போது எதை வெட்டுவதற்கு முன்பும் உறுதிசெய்ய வேண்டிய மூன்று நிபந்தனைகளை 1995-இல் ஸ்ட்ராஸ்பெர்க் குழுவினர் வகுத்தார்கள்: பித்தப்பைக்கும் கல்லீரலுக்கும் இடைப்பட்ட முக்கோணத்தில் கொழுப்பும் நாரும் நீக்கப்பட்டிருக்க வேண்டும், பித்தப்பையின் கீழ் மூன்றிலொரு பகுதி கல்லீரல் படுகையிலிருந்து பிரிக்கப்பட்டிருக்க வேண்டும், பித்தப்பைக்குள் இரண்டே இரண்டு அமைப்புகள் (பித்தப்பை நாளமும் அதன் தமனியும்) மட்டும் செல்வது தெரிய வேண்டும். தேர்வில் இதை எல்லோரும் ஒப்பித்துவிடுவார்கள். ஆனால் வீங்கி ஒட்டிப்போன பித்தப்பையில் இம்மூன்றும் தெளிவாகத் தெரியும் காட்சி கிடைக்காதபோது, அனுபவமிக்க ஒருவர் எந்த இடத்தில் கையை நிறுத்துகிறார், எப்போது பித்தப்பையின் ஒரு பகுதியை விட்டுவிட்டு வெளியேறத் தீர்மானிக்கிறார் என்பதைக் காணொளியை நிறுத்தி நிறுத்தி விவாதிக்கும்போதுதான் கற்க முடியும். கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீரைக் கொண்டுசெல்லும் பொதுப் பித்தநாளம் தவறுதலாக வெட்டுப்பட்டால் அந்த நோயாளியின் வாழ்க்கையே மாறிவிடும் என்பதால், நிறுத்தக் கற்றுக்கொள்வதை நான் அவ்வளவு பெரிதாக நினைக்கிறேன்.

மாநாட்டுக்கு முந்தைய நாள் நடைபெறும் பயிற்சிப் பட்டறைகளில் இடம் குறைவு. பதிவு திறந்தவுடன் சேர்ந்துவிடுங்கள். ஆட்டுக்குடலை வைத்துக் குடல் இணைப்புப் பழகும் பட்டறை முதலாண்டு மாணவருக்குப் பொருத்தமானது. ரோபோ அறுவை குறித்த அமர்வுகளை இப்போதைக்குத் தவிர்க்கலாம்.

எந்த மாநாடு என்று கேட்டால், முதலில் மாநில அளவிலானது. 1938-இல் தொடங்கப்பட்ட இந்திய அறுவை மருத்துவர் சங்கத்துக்கு மாநிலக் கிளைகள் உண்டு. அவற்றின் ஆண்டு மாநாடுகளில் முதுநிலை மாணவர்களுக்கெனத் தனி அமர்வுகள் நடக்கின்றன. அகில இந்திய மாநாடு மிகப் பெரியது. முதல் முறை செல்பவர் அங்கே அரங்கு அரங்காக அலைந்தே களைத்துப் போவார். பிரிட்டனில் பயிற்சி அறுவை மருத்துவர்களுக்கென்றே 1976 முதல் ஒரு சங்கம் இயங்கி ஆண்டுதோறும் மாநாடு நடத்துகிறது. மாணவர்களே நடத்தும் அத்தகைய மேடை நம் தென்மாவட்டக் கல்லூரிகளுக்குள் உருவாக வேண்டும் என்பது என் நீண்ட நாள் விருப்பம். நெல்லை, தூத்துக்குடி, ஆசாரிப்பள்ளம் (கன்னியாகுமரி மாவட்டம்), மதுரை ஆகிய நான்கு கல்லூரிகளின் மாணவர்கள் சேர்ந்தாலே அது நடக்கும்.

டூட்டியை உடன் படிப்பவர்களோடு முன்கூட்டியே மாற்றிக்கொண்டு, யூனிட் சீஃபிடம் எழுத்தில் விடுப்புப் பெறுங்கள். உரைக்குக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்களே என்பதால், செல்வதற்கு முன் துறைக் கூட்டத்தில் ஒருமுறை பேசிக்காட்டி, உங்கள் பேராசிரியர்களைக் கடுமையாகக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். மாநாட்டில் விடை தெரியாத கேள்வி வந்தால், அதைக் கேட்டவரின் பெயரோடு குறித்துக்கொண்டு, அமர்வு முடிந்ததும் அவரிடமே சென்று பேசுங்கள். வெளியூர் மாணவர் ஒருவர் தேடி வந்து கேட்கும்போது முகம் திருப்பிய மூத்த அறுவை மருத்துவரை நான் இதுவரை கண்டதில்லை.