கட்டியில் ஜீன் பிழை: வீட்டில் எல்லோருக்கும் டெஸ்ட் தேவையா?

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. தொடையில் இருந்த கட்டியை அறுத்து எடுத்ததில் லெயோமயோசர்கோமா (தசையில் வரும் ஒரு வகைப் புற்றுநோய்) என்று வந்தது. ஜீன் ரிப்போர்ட்டில் 'டி.பி.53 மியூட்டேஷன், ஆர்.பி.1 இழப்பு' என்று போட்டிருக்கிறது. எங்கள் அம்மாவுக்கு 41 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. நானும் என் இரண்டு பிள்ளைகளும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் எடுக்க வேண்டியது தம்பியின் ரத்தம்.

ரிப்போர்ட்டில் 'சாம்பிள்' என்று போட்ட இடத்தைப் பாருங்கள். பாரஃபின் பிளாக் (மெழுகில் பதித்து வைத்த கட்டித் துண்டு) என்று இருந்தால், அவர்கள் படித்தது கட்டியின் மரபணுவை. தம்பி பிறக்கும்போதே கொண்டுவந்தது என்ன என்பது அதை மட்டும் வைத்துத் தெரியாது. டி.பி.53, ஆர்.பி.1 என்ற ஜீன்கள் இரண்டும் செல்லுக்கு பிரேக் மாதிரி. டி.என்.ஏ. சேதமான செல்லைப் பெருகவிடாமல் நிறுத்துவது முன்னது. செல் கண்டபடி பிரியாமல் பிடித்து வைப்பது பின்னது. லெயோமயோசர்கோமாவில் இந்த இரண்டும் பழுதாவது வெகு சகஜம். பெரும்பாலும் அது கட்டிக்குள்ளேயே நடந்த கோளாறு, பிள்ளைகளுக்குப் போகாது. ஆர்.பி.1 பிழை பரம்பரையாக வந்திருந்தால் பெரும்பாலும் கைக்குழந்தைப் பருவத்திலேயே கண்ணில் கட்டி வந்திருக்கும். தம்பிக்கு அப்படி எதுவும் இல்லையென்றால் அதை விட்டுவிடலாம்.

ஆனால் அம்மாவின் வயதைப் படித்ததும் நின்றுவிட்டேன். பிள்ளைகளுக்கு சர்கோமா (தசை, எலும்பு போன்றவற்றில் வரும் புற்றுநோய்; தம்பிக்கு வந்ததும் இந்த வகைதான்), இளவயதுத் தாய்க்கு மார்பகப் புற்றுநோய் என்று சில குடும்பங்களில் சேர்ந்தே வருவதை 1969-இல் லீ, ஃப்ராமேனி என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். காரணம் பரம்பரையாக வரும் டி.பி.53 பிழை என்பது 1990-இல் தெரிந்தது. இன்று மருத்துவர்கள் பார்க்கும் கணக்கு ஒன்று உண்டு: 46 வயதுக்குள் சர்கோமா, நெருங்கிய ரத்த உறவில் 56 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் போன்ற ஒன்று. உங்கள் வீடு இதில் வருகிறது. வந்தாலே பிழை இருக்கிறது என்று அர்த்தமில்லை, தேடிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

தம்பியின் ரத்தத்தில் பிழை இல்லையென்றால் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் டி.பி.53 டெஸ்ட் தேவையில்லை. (அம்மாவின் நோய்க்கு, மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள வேறு ஜீன்களான பி.ஆர்.சி.ஏ.வைப் பார்ப்பது தனிக் கேள்வி.) இருந்தால், அடுத்து நீங்கள். அது அம்மா வழியாக வந்திருந்தால் உங்களுக்கும் வந்திருக்க வாய்ப்பு சரிபாதி. உங்களுக்கு இல்லையென்றால் பிள்ளைகளைத் தொடவே வேண்டாம். இருந்தால் அவர்களுக்கும் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தப் பிழையில் குழந்தைப் பருவத்திலேயே கட்டிகள் வரலாம். வருடா வருடம் முழு உடல் எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணிப்பார்கள்.

ஒரு சிக்கல். கீமோ எடுத்தவர்களின் ரத்த செல்களில் பிறவியில் இல்லாத டி.பி.53 பிழை முளைப்பதுண்டு. பிழை என்று வந்து, அது ரத்தத்தில் குறைந்த அளவு செல்களில்தான் இருந்தால், தோலில் சிறு துண்டு எடுத்து உறுதி செய்யச் சொல்லுங்கள்.

தம்பிக்கு ரேடியேஷன் பேச்சு இருந்தால் ரத்த ரிசல்ட் வரும்வரை பொறுக்க முடியுமா என்று டாக்டரிடம் இன்றே கேளுங்கள். பரம்பரைப் பிழை உள்ளவர்களுக்குக் கதிர் பட்ட இடத்திலேயே பின்னால் புதுக் கட்டி வரும் ஆபத்து கூடுதல். வேறு வழியில்லாதபோது கொடுப்பார்கள்தான், ஆனால் தெரிந்து கொடுக்க வேண்டும். அப்புறம், அம்மாவின் பழைய பயாப்ஸி காகிதம் பீரோவில் இருந்தால் எடுத்துப் போங்கள். அதில் ஹெர்2 (கட்டி செல்லின் மேல் இருக்கும் ஒரு புரதம்) பாசிட்டிவ் என்று இருந்தால், பரம்பரை நோய்க்கு ஆலோசனை சொல்லும் ஜெனடிக் கவுன்சிலர் கண்டிப்பாகக் குறித்துக்கொள்வார். பரம்பரை டி.பி.53 பிழை உள்ள குடும்பங்களில் அந்த வகை அடிக்கடி வருவது.