தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தார், புதுச்சேரிக்காரனான எனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைக்குமா?

ராணுவ சேவையை மட்டும் காட்டினால் கிடைக்காது. தாத்தா சொல்தாவாக (பிரெஞ்சு ராணுவ வீரராக) இருந்து பென்ஷன் வாங்கியது பெரிய விஷயமே இல்லை, 1962 ஆகஸ்ட் 16 அன்று, அதாவது பிரான்ஸ் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் அமலுக்கு வந்த நாளில், அவர் எங்கே குடியிருந்தார் என்பதுதான் கேள்வி. புதுச்சேரியில் பிறந்து அங்கேயே குடியிருந்தவர்கள் தானாகவே இந்தியர்களாகிவிட்டார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். பிரான்சிலோ வேறு நாட்டிலோ குடியிருந்தவர் என்றால் கதை வேறு, அவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை அப்படியே தொடர்ந்தது. பழைய ராணுவப் பதிவேடு உதவுவது இங்கேதான், அன்று எங்கே இருந்தார் என்பதற்குச் சான்றாக. அப்புறம், குடும்பம் 50 ஆண்டுக்கு மேல் பிரான்சுக்கு வெளியே வாழ்ந்து, நீங்களும் அப்பாவும் பிரெஞ்சுக் குடிமக்களாக எங்கும் நடத்தப்படாமல் இருந்தால், பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 30-3 பிரிவு குறுக்கே நிற்கும். பெரும்பாலோர் மாட்டுவது அதில்தான், புரோக்கர்கள் அதைச் சொல்வதில்லை.