சாட்ஸ்வொர்த் மாலை வகுப்பு: கவுன்சிலரிடம் எதைக் கேட்பது?

வணக்கம் அக்கா. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், உங்கள் சாட்ஸ்வொர்த் பகுதியில் மெட்ரிக் (12ஆம் வகுப்பு) முடிக்காத பெண்களுக்கு மாலை வகுப்பு கேட்டுப் போன உங்களை, "கல்வி எங்கள் வேலையில்லை" என்று வார்டு கவுன்சிலர் திருப்பி அனுப்பிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனம் வலித்தது. ஆனால் அவர் சொன்னதில் பாதி உண்மை. முதியோர் கல்வி 2015 ஏப்ரலில் மாகாணங்களிடமிருந்து தேசிய உயர்கல்வித் துறைக்குப் போய்விட்டது. ஆசிரியர் சம்பளம், அந்தத் துறையின் கீழ் பெரியவர்களுக்குக் கற்பிக்கும் சமூகக் கல்விக் கல்லூரி வழியாகத்தான் வர வேண்டும். அதனால் வகுப்பும் ஆசிரியரும் கேட்கும் மனுவைக் கல்லூரிக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு அடிப்படைக் கல்வி உரிமையில் பெரியவர்களையும் சேர்த்தே சொல்கிறது. அதை மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

சரி, கவுன்சிலரிடம் என்ன கேட்பது? நகராட்சி மண்டபம், வெளியே விளக்கு, நூலகத்தில் ஓர் அறை. இவற்றுக்காக அவர் நிச்சயம் பேச முடியும். தனியாகப் போகாதீர்கள் அக்கா. படிக்க ஆசைப்படும் பெண்களையே வார்டு கமிட்டிக் கூட்டத்துக்குக் கூட்டிப் போங்கள், அவர்களே பேசட்டும். நீங்கள் அவர்களுக்காகப் பேசுவதைவிட அது ஆழமாக இறங்கும்.

அப்புறம், நகராட்சி நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. மார்ச் இறுதிக்குள் வரைவு பட்ஜெட் வந்துவிடும்; அதன் பிறகு மக்கள் கருத்தைக் கேட்பார்கள். கோரிக்கையை அப்போது எழுத்தில் கொடுத்து, முத்திரையிட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.