எம்பிஏ இருக்கட்டும், முதலில் பில் போடக் கற்றுக்கொள்ளட்டும்

விருதுநகர் பக்கத்திலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். மகள் விஸ்காம் முடித்துவிட்டு, ஊரில் இருந்தபடியே ஜவுளிக்கடை, நகைக்கடைகளுக்கு ரீல்ஸ் எழுதி, எடுத்து, எடிட் செய்து தருகிறார். வேலைக்குக் குறைவில்லை, காசுதான் கைக்கு வருவதில்லை. ஆடித் தள்ளுபடிக்கு எடுத்த வீடியோவுக்குத் தீபாவளி கழிந்தும் பணம் வரவில்லையாம். "வீட்டுப் பத்திரத்தை வைத்து லோன் போட்டு எம்பிஏ சேர்த்துவிடுங்கள்" என்கிறாராம் மைத்துனர்.

உங்கள் கவலை நியாயம்தான் ஐயா. ஆனால் மைத்துனர் சொல்லும் வழி தப்பு. உங்கள் மகளுக்குத் தொழில் தெரிகிறது, கூலியைக் கேட்டு வாங்கத்தான் தெரியவில்லை. அதற்கு இரண்டு வருஷப் படிப்பு மருந்தாகாது. கல்விக்கடனில் பொதுவாக ஏழரை லட்சத்தைத் தாண்டினால்தான் வங்கி சொத்தை ஈடு கேட்கும். பேச்சு பத்திரம் வரை போய்விட்டது என்றால் அந்தக் கல்லூரியின் ஃபீஸ் எவ்வளவு என்று எனக்குப் புரிகிறது. மகளுக்கே மனமில்லாத படிப்புக்கு வீட்டை அடகு வைக்காதீர்கள். இதில் நான் இறங்கி வரமாட்டேன். சொந்தக்காரர்கள் யோசனை சொல்வார்கள், இஎம்ஐ கட்டப்போவது நீங்கள்.

மகள் செய்ய வேண்டியது உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு. உறவில் யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆதாரும் பான் எண்ணும் போதும், அரசுத் தளத்தில் முழுக்க இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல. வீட்டில் ஒரு லேப்டாப்பை வைத்துத் தனி ஆளாக வேலை செய்பவரும் குறுந்தொழில் நடத்துபவராகப் பதிந்துகொள்ளலாம். பதிந்துவிட்டால் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் அவருக்குத் துணை நிற்கும். எழுத்தில் கெடு எதுவும் பேசவில்லை என்றால், வேலையை ஏற்றுக்கொண்ட 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். பேசியிருந்தாலும் 45 நாளைத் தாண்ட முடியாது. தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில் கூட்டு வட்டி, அதுவும் மாதாமாதம் அசலோடு சேரும். தராதவர் மீது, இந்தப் பாக்கிகளுக்கென்றே உள்ள அரசுத் தளத்தில் புகார் கொடுக்கலாம். 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரியிலும் ஒரு பிடி வந்திருக்கிறது. கெடு தாண்டிய பாக்கியை, பணம் உண்மையில் கைமாறிய வருஷத்தில்தான் கடைக்காரர் செலவாகக் காட்ட முடியும். பில்லில் உத்யம் எண் இருந்தால் அவருடைய ஆடிட்டரே "இதை முதலில் முடியுங்கள்" என்பார்.

ஒன்று, பதிவு வேலைக்கு முன்பே நடக்க வேண்டும். பதிவுக்கு முன் செய்த வேலைக்கு இந்தச் சட்டம் பொருந்துமா என்பதிலேயே வழக்கு இழுக்கும். அதனால் பழைய பாக்கிக்கு, தேதி போட்ட பில் ஒன்றை இந்த வாரமே அனுப்பச் சொல்லுங்கள். அது தீரும்வரை அந்தக் கடைக்குப் புது வேலை எடுக்க வேண்டாம்.

அடுத்து, பேச்சு. கடைக்காரர் போனில் "பார்த்துப் போட்டுத் தர்றேம்மா" என்றால் அதோடு விடக்கூடாது. போனை வைத்ததும் வாட்ஸ்அப்பில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: "அண்ணாச்சி, பேசியபடி 4 ரீல்ஸ். பாதித் தொகை அட்வான்ஸ் வந்ததும் ஷூட்டிங். இரண்டு தடவை கரெக்‌ஷன் இலவசம், மூன்றாவதுக்குத் தனிக் கட்டணம். மீதி வந்ததும் வாட்டர்மார்க் இல்லாத ஃபைல். சரி என்றால் ஓகே போடுங்கள்." அந்த ஓகேதான் நாளைக்குச் சாட்சி. அட்வான்ஸ் கேட்டதும் முகம் சுளிப்பவர், மீதியைக் கேட்கும்போதும் சுளிப்பார். அவர் போனால் போகட்டும்.

ரேட்டை வீடியோவின் நீளத்தை வைத்துப் போட வேண்டாம். அறுபது விநாடி ரீலுக்கு எழுத, எடுக்க, எடிட் செய்ய எத்தனை மணி நேரம் போகிறது என்று நோட்டில் குறித்து, அதற்குக் கூலி கேட்கட்டும். கடை தன் பக்கத்தில் போடுவதற்கு ஒரு விலை, அதையே காசு கட்டி விளம்பரமாக ஓட்டுவதற்கு வேறு விலை. இதையும் முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் எழுதிய ஸ்கிரிப்ட் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவருக்குச் சொந்தம், ஆனால் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன வீடியோ, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே போய்விடும். பல பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

பெரிய பில்களில் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். பிடித்த தொகை மகளின் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிவிடலாம். ஜிஎஸ்டி, சேவைத் தொழிலில் வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை கட்டாயமில்லை. "ஜிஎஸ்டி பில் இல்லாமல் எப்படிப் பணம் தர்றது" என்று யாராவது கேட்டால் அது வெறும் சாக்கு. சாதாரண பில்லையே நீட்டிக் கேட்கச் சொல்லுங்கள்.